எண்ணெய்க் குழாய்

பழைய மோட்டார் வண்டியை வீட்டில் வைத்திருப்போர் அதன் மேனியழகையே பெரிதும் பேணுவர். வர்ணம் மங்கினால் கவலைப்படுவர். கண்ணாடி கீறினால் கடைகடையாய் ஏறி இறங்குவர். ஆயின், பின்புறத் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோலைக் கொண்டு செல்லும் மெல்லிய குழாயைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

எமது வீட்டில் இருப்பது ஒஸ்ரின் ஏ40 'சோமசெற்' வண்டி. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற இனம். நான்கு சிலிண்டர், 1200 சீ.சீ. எஞ்சின். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஏ40 வண்டிகள் வாடகைக் கார்களாய் நெடுங்காலம் உழைத்தன என்பதை முதியோர் அறிவர். ஆண்டில் சில நாள்களே ஓடும் எமது வண்டியில் அண்மையில் பெற்றோல் வாடை வீசவே, குழாயை முற்றாக மாற்றத் துணிந்தோம்.

மூடியைத் திறந்த மெக்கானிக் முதியவர் முறுவலித்தார். காபரேற்றருக்கு அண்மையில், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றும் குழாய்த் துண்டொன்று கிளையாகப் பொருத்தப்பட்டு, வாய் அடைத்துக் கட்டப்பட்டிருந்தது. அது காய்ந்து வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது.

அக்குழாய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இங்குள்ள பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரும்புகையும் நெடியும் பொறுக்கவொண்ணாதவை. ஆயினும் வண்டி நகர்ந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாத எமது பாட்டியாரை நாவற்குழி கடந்து சாவகச்சேரிக்குக் கொண்டு சேர்த்ததும் இவ்வண்டியே.

இதனால், "அந்தக் குழாயைக் கழற்ற வேண்டாம்" என்று எமது தாயார் தடுத்தார்.

முதியவர் அமைதியாகச் சொன்னார்: "அம்மா, ஒரு மூடி பெற்றோல் விட்ட காலத்துக்கு அது போதும். இப்ப தாங்கி நிறைய எல்லோ பெற்றோல்!"

அவர் கூற்றில் விஞ்ஞானம் உண்டு. மாணவர் இதனை மனங்கொள்க. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசு அளவில் அல்லது அதற்கு மேலேதான் தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். பெற்றோலோ பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் அதனை எழுப்பும். அவ்வாவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள விளக்கையும் தேடிச் செல்லும். மண்ணெண்ணெய் கசிந்தால் பெரும்பாலும் கறை. பெற்றோல் கசிந்து சூடான புகைக்குழாயில் வீழ்ந்தால் பெருந்தீ.

வேலை முறையாக நடந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பற்றரித் தொடுப்பைக் கழற்றி, திறந்த வெளியில் தாங்கியை வடித்தார். உப்புக் காற்றால் அரிப்புண்ட உலோகக் குழாயை அகற்றி, அதனையே மாதிரியாக வைத்துப் புதியதை நெளிவின்றி வளைத்தார். புகைக்குழாய்க்கு விலகியே அதனைச் செலுத்தி, அதிராதவாறு இடையிடையே கவ்விகளால் இறுக்கினார். ஓடும்போது எஞ்சின் அசைவதால், அதனோடு சேருமிடத்தில் மாத்திரம் வளையும் றப்பர்க் குழாய் வேண்டும். அதுவும் பெற்றோலைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல் அவசியம். பல நாடுகளில் இன்று பெற்றோலில் எதனோல் கலக்கின்றனர்; பழங்கால றப்பரை அது மேலும் விரைவாகக் கெடுக்கும். ஈற்றில் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் காணவில்லை என்று கண்ட பின்னரே எஞ்சினை முடுக்கினார்.

இல்லாத காலத்தில் இருப்பதைக் கொண்டு வழிகண்டமை எம்மவர் அறிவுடைமை. இருக்கும் காலத்திலும் அதே ஒட்டுவேலையை நம்பி, குழந்தைகளைப் பின்னாசனத்தில் ஏற்றுவது அறிவுடைமையாகாது. நினைவைப் பேண வேறு இடம் உண்டு. சேலைன் குழாய்த் துண்டு இப்போது எமது தாயாரின் அலுமாரியில், பாட்டியாரின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றது.