ஷாக் வேலைக்கு யாரிடம் போவது: சில குறிப்புகள்

ஏனாத்தூரில் பைக் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இன்ஜின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார் என்று சொல்லிவிடுவார். ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அப்படி ஓர் ஆயில் முன் ஃபோர்க்குக்குள் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் உத்திரமேரூர் பக்கத்துச் சாலைகளில் இன்ஜினுக்குச் சமமாக உழைப்பது ஃபோர்க்கும் ஷாக்கும்தான். நெல் மூட்டை, மாட்டுத் தீவனம், பால் கேன், பின்னால் ஒருக்களித்து உட்காரும் அம்மா, டேங்க் மேல் பிள்ளை, எல்லாம் ஒரே பைக். குவாரி டிப்பர்கள் ஓரத்தைத் தின்றுவிட்ட தார்ச்சாலை, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, மழைக்குப் பிறகு ஆழம் தெரியாத பள்ளம்.

இன்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும். ஷாக் கெட்டால் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், அதற்கேற்ப நம் உடம்பும் பழகிக்கொள்ளும். முதுகு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அதே வண்டியில் போய்வருகிறவர்கள் நிறையப் பேர்.

*

கவனிக்க வேண்டியவை: பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்குக் குத்துவது. வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறைக்கு மேல் எழும்பி அமர்வது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்வது. ஒற்றைக் கையை எடுத்தால் ஹேண்டில்பார் நடுங்குவது (இதற்குக் கோன் செட்டும் காரணமாக இருக்கலாம், ஃபோர்க்கைக் கழற்றுமுன் அதைப் பார்த்துவிடச் சொல்ல வேண்டும்).

*

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆயில் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. வேலை இரண்டு, கெடுவதும் தனித்தனியாக. “ஷாக் வீக்காயிடுச்சு” என்ற ஒரே புகாருக்குப் பின்னால், சுமைக்குப் போதாத ஸ்பிரிங் இருக்கலாம், நீர்த்துப்போன ஆயில் இருக்கலாம், கிழிந்த ஆயில் சீல் இருக்கலாம், ஷாக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்மானமும் இருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் “ரெண்டு ஷாக்கும் மாத்திடலாம்” என்பவரிடம் வண்டியை விடக்கூடாது. முதலில் டயர் காற்றை அளப்பவரிடம் நம்பி விடலாம்.

*

நல்ல கைக்காரர் ஸ்பானரைத் தொடுமுன் கேள்வி கேட்பார்.

“எத்தனை கிலோ இருப்பீங்கண்ணா?”

“எழுபத்தஞ்சு.”

“பின்னாடி யாரு உக்காருவாங்க? மூட்டை போடுவீங்களா?”

“வாரத்துக்கு ரெண்டு நாள் தீவன மூட்டை. மத்த நாள் அம்மா.”

“எந்த ரோடு ஜாஸ்தி? காஞ்சிபுரம் போற மெயின் ரோடா, ஊருக்குள்ளயா?”

இந்தக் கேள்விகளின் பதில் இல்லாமல் செட்டிங் செய்யவே முடியாது. கம்பெனியில் ஒரு சராசரி ஆளை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடுகிறார்கள். ஐம்பது கிலோ பெண்ணுக்கும் தொண்ணூற்றைந்து கிலோ ஆணுக்கும் அதே ஸ்பிரிங்தான் வந்து சேர்கிறது. கேள்வி கேட்காதவர் அந்தச் சராசரி ஆளுக்கே மறுபடியும் செட் செய்து தருவார்.

*

சேக். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. டேப் இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம், மூன்று பேர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ள வேண்டும். பிறகு ஓட்டுபவர் ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்கார, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தை மறுபடி அளக்கிறார். வித்தியாசம்தான் சேக். முன்பக்கத்துக்கு ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டினால் போதும். அமுங்கிய இடத்தில் அது நின்றுவிடும்.

மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்குவது சரி. இன்டர்செப்டர் 650-க்கு முன் அசைவு 110 மி.மீ.; அப்படியானால் 28 முதல் 37 மி.மீ. வரை. ஹிமாலயன் 450-க்கு முன்னும் பின்னும் 200 மி.மீ.; 60 மி.மீ. அமுங்கினால் கவலை வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் பள்ளத்துக்கு மிச்சம் இல்லை, அடித்தட்டு இடிக்கும். குறைவாக அமுங்கினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே தாவும், பிடிப்பு போகும்.

ஸ்ப்ளெண்டர் பின்ஷாக்கில் ஐந்து படி இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்த படியிலேயே பத்து வருடம் ஓடுகிற வண்டிகளை ஊரில் எங்கும் பார்க்கலாம். மூட்டை ஏற்றும் நாளில் இரண்டு படி ஏற்றி, இறக்கியதும் திருப்பி வைப்பது சில நிமிட வேலை. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டியின் உயரம்தான் திரும்பக் கிடைக்கிறது. எல்லாப் படியும் ஏற்றியும் சேக் அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங்கே மாற வேண்டும்.

*

ஃபோர்க்கில் இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கேட்டால், “கெட்டியா இருந்தா நல்லா தாங்கும்” என்பார்கள். தாங்குவது ஸ்பிரிங். சாதாரண பைக்குகளின் ஃபோர்க்கில் ஆயில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஓடித்தான் அசைவை அடக்குகிறது. ஆயில் கெட்டியானால் திடீர்க் குழியில் அந்த ஓட்டை வழியாக வேகமாகப் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். குலுக்கல் அப்படியே மணிக்கட்டுக்கு வரும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என்ன கிரேடு ஊற்றுகிறீர்கள்? மட்டத்தை எப்படி அளக்கிறீர்கள்? ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை மி.மீ. கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பார்ப்பவர் வேலை தெரிந்தவர். கண் அளவாக ஊற்றுபவரிடம் இடது காலும் வலது காலும் வேறு வேறு ஃபோர்க்காகத் திரும்பி வரும்.

*

சீல் மாற்றிய அடுத்த மாதமே மறுபடி ஒழுகினால் குற்றம் பெரும்பாலும் சீலில் இல்லை. குழாயின் குரோம் பூச்சில் துரு புள்ளி விழுந்திருக்கும், அது புதுச் சீலையும் கிழித்துவிடும். விரல் நகத்தால் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு விலை சொல்பவரைத் தேட வேண்டும். விபத்தில் வளைந்த குழாயை லேத் பட்டறையில் பெண்டு எடுத்துத் தருவார்கள். டயல் கேஜ் வைத்துச் சுழற்றி எவ்வளவு வளைவு என்று காட்டாதவரின் பெண்டை நான் ஏற்க மாட்டேன். அம்மாவையோ பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

*

பின்ஷாக் ரீகண்டிஷன். சாதாரண பைக்குகளின் பின்ஷாக் திறக்கச் செய்யப்பட்டது இல்லை, வாயை மடித்து மூடிவிடுகிறார்கள். அறுத்து, ஆயில் மாற்றி, வெல்டு வைத்துத் தரும் இடங்கள் உண்டு. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அசல் ஜோடியாக மாற்றுவதே சரி என்பது என் முடிவு.

விலை உயர்ந்த மோனோஷாக் வேறு சாதி. அதைப் பிரித்துச் சர்வீஸ் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆயிலோடு அழுத்தமான வாயுவையும் அடைத்து, ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்ளும் முறையை பிரான்ஸ்காரர் தெ கார்போன் கொண்டு வந்தார்; 1950-களிலிருந்து அது பரவியது. அடைப்பது நைட்ரஜன். ஈரம் இல்லாதது, உள்ளே துரு ஏற்றாது. எனவே கடைக்குள் போனதும் நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் இருக்கிறதா என்று கண் தேட வேண்டும். “காத்தே போதும்” என்றால் கிளம்பிவிடலாம். வாயுவை வெளியேற்றாமல் ஷாக்கைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. அதைத் தானாக எடுத்துச் சொல்பவர் அனுபவஸ்தர்.

*

இந்த வேலை நம் பக்கத்துக்குப் புதியது இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல பைக்குகளுக்குப் பின்னால் ஷாக்கே கிடையாது, சீட்டுக்கடியில் இரண்டு சுருள் மட்டும். 1940-களின் கடைசியில் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக்கும் வைத்து வந்த முன்னோடிகளில் ஒன்று புல்லட். 1955-இல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும் அதே புல்லட் திருவொற்றியூரிலிருந்து வெளிவந்தது. 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் உற்பத்தி நீண்டது. யமஹா 2015-இலேயே வல்லம் வடகாலுக்கு வந்துவிட்டது. 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக். இத்தனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கும்போது, கற்ற கைகள் நமக்குத் தூரத்தில் இல்லை.

ரேஸ் வண்டிக்கு வேலை செய்தவர் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவரிடம் நம் சாலையைச் சொல்ல வேண்டும். டிராக் மழமழவென்று இருக்கும். அங்கே வண்டி அதிகம் அமுங்காமல், இறுக்கமாகத் திருப்பத்தில் நிற்க வேண்டும். அதே செட்டிங்கில் ஊர்ச்சாலைக்கு வந்தால் இடுப்பு விட்டுப்போகும். “எனக்கு லேப் டைம் வேண்டாம், அம்மாவுக்கு இடுப்பு வலி வராம இருந்தா போதும்” என்று சொன்னதும் அதற்கேற்ப யோசிக்கத் தொடங்குபவர்தான் நமக்கு வேண்டியவர்.

*

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 920-ஐ ஒட்டி வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்துக்கு ஆள் எடுக்க வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் கால் வேலி நிலம் என்று தகுதிகள். அவற்றைவிட எனக்குப் பிடித்தது விலக்கு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் போடக்கூடாது.

மெக்கானிக்குக்கும் அந்த ஒரு விதி போதும். கணக்கு என்றால் பில் தொகை மட்டும் இல்லை. ஊற்றிய ஆயிலின் கிரேடு, மட்டம் எத்தனை மி.மீ., வேலைக்கு முன்னும் பின்னும் சேக் எவ்வளவு, ஷாக் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் ரீபவுண்டு ஸ்குரூ இருந்தால், முழுதாக மூடியதிலிருந்து எத்தனை கிளிக். எல்லாம் ஒரு தாளில், பழைய சீலும் புஷ்ஷும் ஒரு கவரில். இந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த முறை வேறு யாரிடம் போனாலும் அங்கிருந்து தொடரலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து காசு.

*

செட்டிங் ஒரே நாளில் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், இரண்டு கிளிக், அதே சாலை, அதே வேகம். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்பவர், திரும்பி வந்தால் சலித்துக்கொள்ளாமல் மறுபடி டேப்பை எடுப்பவர், எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போகத் தகுந்தவர்.

*

போகும்போது: தினமும் ஏற்றுகிற சுமையை ஏற்றிக்கொண்டே போவது நல்லது. பின்னால் உட்காருபவரையும் அழைத்துப் போக வேண்டும், அவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை அவரே சொல்லட்டும். டயர் காற்றைக் காலையிலேயே, சூடேறும் முன், சரிபார்த்துவிட வேண்டும். வாங்கியபோது வந்த கையேடு இருந்தால் பையில் போட்டுக்கொள்ளலாம். ஃபோர்க் ஆயில் கிரேடும் அளவும் பெரும்பாலும் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.