அலுமாரியில் கிடைத்த ரிவோல்வர்



"பழைய ரிவோல்வர் ஒன்டு விலைக்கு ஈக்கி, வாங்கினா பிரச்சினையா? அது புராதனப் பொருள்தானே?" என்று தெரிந்த சகோதரர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லி வைக்கிறோம். ஏனென்றால் இது எங்கள் குடும்பத்துக்கும் வந்த சோதனைதான்.

பெரியவர் ஒருவர் மவுத்தான பிறகு அவருடைய அலுமாரியை ஒதுக்கினோம். அடித்தட்டில் பழைய சாரத்தில் சுற்றிய ஒரு ரிவோல்வர் இருந்தது. வீட்டில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பொலிஸ் மாத்தயாவைக் கூப்பிட்டோம். அவர் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேல் பூட்டை விடுவித்து இரண்டாக மடித்தார். ஆறு அறைகளும் காலி. அதன் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதில் பொறித்திருந்ததை அவர் வாசித்துக் காட்டினார். வெப்லி, மார்க் 4, .38. பக்கத்தில் 145/200 என்று குண்டின் எடைக் குறிப்பு. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் செய்தது. 'போர்க்கால மெருகு' என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. இரண்டாம் உலகப் போர் அவசரத்தில் பளபளப்பு வேலையைக் குறைத்துச் செய்தவற்றுக்கு அந்த முத்திரை. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் நம் பேராதனைத் தோட்டத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் படை அதிகாரிகளிடம் இந்த வகை சாதாரணம்.

இதற்குள் தம்பி ஒருவர் போனில் தேடி, "அமெரிக்காவில இதுக்கு நல்ல விலை" என்றார். உண்மைதான். ஆனால் அமெரிக்கச் சட்டத்திலேயே 1898 வரை செய்தவைதான் புராதனம். பழையது என்பதால் இது பொம்மையும் ஆகாது. தோட்டா கிடைத்தால் இன்றும் சுடும்.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1996இல் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. வாப்பாவின் காணி போலப் பிள்ளைக்கு இறங்காது. 2024இல் அனுமதி பெற்ற தற்பாதுகாப்புத் துப்பாக்கிகளையே மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. கடதாசியே இல்லாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்குபவர் வழக்கைத்தான் வாங்குகிறார்.

இன்னொரு பேச்சும் வீட்டில் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "2018இல திகன எரிஞ்ச மாதிரி இன்னொரு நாள் வந்தா? இருந்திட்டுப் போகட்டுமே." அந்த மார்ச் மாதத்தின் பயம் நமக்குள் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு துருப்பிடித்த ரிவோல்வர் எந்தக் கடையைக் காப்பாற்றியிருக்கும்? 2019 ஏப்ரலுக்குப் பின் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது சமையல் கத்திக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இது அகப்பட்டிருந்தால், ஒரு வீட்டின் குற்றமாக நின்றிருக்காது. முழு ஊரின் பெயரிலும் எழுதியிருப்பார்கள்.

நாங்கள் அதைத் தெருவில் எடுத்துச் செல்லவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு, அவர் மூலமாகப் பொலிஸுக்கு அறிவித்தோம். வந்தார்கள். வாக்குமூலம் எடுத்தார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பேசாமல் மறைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தோம். மாத்தயா கடைசிவரை எங்களுடனேயே உட்கார்ந்திருந்தார். தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இன்றும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

பழைய ஆயுதத்தின் வேலைப்பாடு பிடித்தவர்கள் நூதனசாலைக்குப் போங்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோன லெவ்கேயின் பீரங்கி 2023இல் நாடு திரும்பியது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கேட்ட சகோதரருக்கு எங்கள் பதில்: வாங்காதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் இப்படி ஒன்று கிடைத்தால் தொடாதீர்கள், படம் எடுத்துப் பகிராதீர்கள், பிள்ளைகளை விலக்கிவிட்டு அன்றைக்கே அறிவியுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அயலவர் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.