வில்லங்கம் எங்கே இருக்கிறது?

நண்பர் திருவொற்றியூரில் வீடு பார்த்தார். பி.எஃப். பணம் மொத்தமும் அதில்தான் போகப்போகிறது. 'நீ பி.காம் ஆச்சே, கூட வா' என்று என்னையும் இழுத்துப் போனார்.

தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்றிதழ்... எல்லாம் பக்கா. '2021-லயே விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு சார்' என்றார் புரோக்கர்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி. 'பகல்ல வந்து பாத்தா இன்னா தெரியும் நைனா? ராவுல வந்து மூச்சு வுட்டுப் பாரு. மழையில வந்து தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு!'

அதுதாங்க ஆடிட்டிங்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்க வீடுகளுக்குள் எண்ணெயும் புகுந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். எந்தச் சான்றிதழில் வரும் இந்த வில்லங்கம்?

'அப்புறம் நீங்க ஏன் பாட்டி இங்கயே இருக்கீங்க?'

'நான் இன்னா பாத்தா வாங்குனேன்? இங்கதான் பொறந்தேன்.'

நண்பர் அட்வான்ஸை எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மறுபடி போகிறோம். நீங்களும் வீடு பார்க்கிறீர்களா? பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். ஊரைப் பற்றி எதிர்வீட்டுத் திண்ணையில் கேளுங்கள்.