டிராகன் செஞ்ச தப்பு என்ன?



டிராகன் என்றால் நெருப்பு கக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வீர்கள். அது ஐரோப்பாக்காரர்களின் டிராகன். சீனாவில் அதன் பெயர் லோங். அதற்கு றெக்கை கிடையாது, ஆனாலும் பறக்கும்! மான் கொம்பு, மீன் செதில், பாம்பு மாதிரி நீள உடம்பு. அதன் வேலை மழை கொடுப்பது.

கடலிலும் ஆற்றிலும் டிராகன் ராஜாக்கள் இருப்பதாகச் சீன விவசாயிகள் நம்பினார்கள். மழை இல்லாவிட்டால் கோயிலில் படையல் வைப்பார்கள். அப்படியும் பெய்யாவிட்டால் சில ஊர்களில் டிராகன் ராஜா சிலையைத் தூக்கிவந்து வெயிலில் வைத்துவிடுவார்களாம், நீயும் கொஞ்சம் காய்ந்து பாரு என்று! சாமியிடம் இவ்வளவு உரிமையாகக் கோபிப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குரங்கு ராஜா வரும் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீன நாவலில் ஓர் ஆற்று டிராகன், ஜோசியக்காரரிடம் பந்தயம் கட்டுகிறது. ஜெயிப்பதற்காக, மேலுலகம் சொன்ன மழையின் நேரத்தையும் அளவையும் மாற்றிவிடுகிறது. அதற்குத் தண்டனை, தலை போகிறது. வெட்டுபவர் ஒரு மந்திரி, அதுவும் தூங்கிக்கொண்டே கனவில்! சரி, தப்பு செஞ்சது, தண்டனை கிடைச்சது.

ஆனால் 'பேயோவுல்ஃப்' கதைதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆங்கிலக் கவிதைக் கதை அது. அதில் டிராகன் 300 வருஷமாகப் புதையல் மேல் சும்மா படுத்துக் கிடக்கிறது. ஒருத்தன் நுழைந்து ஒரு கிண்ணத்தைத் திருடிப் போகிறான். அவனும் பாவம், எஜமானுக்குப் பயந்து ஓடிவந்த அடிமை. கிண்ணத்தைக் கொடுத்து எஜமானைச் சமாதானம் செய்கிறான். டிராகன் விழித்துப் பார்த்து ஊரையே எரிக்கிறது. வயசான ராஜா பேயோவுல்ஃப் சண்டைக்குப் போய், டிராகனும் செத்து அவரும் சாகிறார். புதையலையாவது ஏழைகளுக்குக் கொடுத்தார்களா? இல்லை! ராஜாவோடு சேர்த்து மறுபடியும் மண்ணில் புதைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை நன்றாகத் தெரிந்த டோல்கீன், 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' நாவலிலும் டிராகனிடமிருந்து ஒரு கிண்ணம்தான் முதலில் திருடு போகிறது. அங்கேயும் கடைசியில் டிராகன் சாகிறது.

ஊரை எரிச்சது டிராகன் தப்புதான் என்கிறாள் என் பெஞ்ச் தோழி. அந்த எஜமானை ஏன் யாரும் கேட்கவில்லை என்கிறேன் நான். மூன்று நாளாகச் சண்டை ஓடுகிறது. நீங்க யார் பக்கம்?