பட்டத்துக்குப் பிறகும் ஒரு படி

"கலாநிதிப் பட்டமும் எடுத்தாச்சு. இனியும் என்ன படிப்பு? புள்ளைக்கு வயசு போகுதே!"

என் சகோதரியின் மகளுக்கு வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் இரண்டு வருட இடம் கிடைத்தபோது, கல்முனையில் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் கேட்ட கேள்வி இது. அன்புச் சகோதரிகளே, அது படிப்பல்ல, சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்று விளங்கப்படுத்தவே எனக்குப் பல நாட்கள் பிடித்தன.

டொக்டராகப் படித்து முடித்தவர்கள் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி பெறுவதில்லையா? இதுவும் அப்படியொரு கட்டம்தான். இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் இருந்து, சொந்தமாக ஆராயப் பழகும் காலம். இதற்குப் பரீட்சை கிடையாது. ஆய்வுகூடத் தலைவருக்கு எழுதி, பேராசிரியர்களின் சான்றுரைகளோடு விண்ணப்பிக்க வேண்டும்.

கலத்தினுள்ளே இருப்பவற்றின் உருவத்தைக் காண்பது அவளுடைய துறை. சாதாரண நுணுக்குக்காட்டிக்கு எட்டாததை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டும். ஆனால் அதனுள்ளே வெற்றிடம் என்பதால் ஈரமான பொருள் காய்ந்து சிதைந்துவிடும். அதனால் நீர் பளிங்காகக் கட்டிப்படுமுன், கண்ணிமைக்கும் நேரத்தில் கண்ணாடிபோல் உறையவைக்கிறார்கள். இந்தக் குளிர்முறை நுணுக்குக்காட்டியை வளர்த்தெடுத்த மூவருக்கு 2017இல் நொபெல் பரிசு கிடைத்தது.

பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்றும் கேட்டார்கள். ஜூன் அல்மெய்டாவைச் சொன்னேன். கிளாஸ்கோவில் பஸ் சாரதியின் மகளாகப் பிறந்து, வசதியில்லாமல் 16 வயதில் பாடசாலையை விட்டவர். ஒரு பிள்ளையின் தாய். தடிமன் உண்டாக்கும் கொரோனா வைரஸை 1960களில் லண்டனில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் முதலில் படம்பிடித்தவர் அவர்தான்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. இது நிரந்தர உத்தியோகமல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதே கட்டத்தை முடித்து, சுமார் 50 இடங்களுக்கு விண்ணப்பித்தும் விரிவுரையாளர் பதவி கிடைக்கவில்லை. அங்கே அவர் தொடங்கிய இறைபோசோம் ஆய்வுக்குத்தான் 2009இல் நொபெல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மை.

ஒப்பந்தம் எத்தனை வருடம்? மகப்பேற்று விடுமுறை உண்டா? இடையில் கலியாணமானால் கணவருக்கு விசா கிடைக்குமா? இவற்றை எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தபின் பெரியவர்கள் சம்மதித்தார்கள், அவள் போகிறாள்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்தில் இன்று நம் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கிறார்கள். நாளை உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு கடிதம் வரலாம். வேண்டாமென்று சொல்லுமுன், அது என்னவென்று மகளிடமே கேளுங்கள்.