அஞ்சியவர் வென்ற போர்

பழைய ஏற்பாட்டின் போர்க்களங்களைப் படிக்குந்தோறும், அன்பே உருவான இறைவனின் நூலில் வாளுக்கும் குருதிக்கும் என்ன வேலை என்று வினவுவோர் பலர். அந்நூல்களில் நிறைவற்றவையும் அக்காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு. ஆயினும் இறைவன் தம் மக்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்த முறை அவற்றில் துலங்குகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் போதித்தது. ஆகவே, அப்போர்களில் பிறரை வெட்டும் உரிமையை நாம் தேடலாகாது. அஞ்சிய மனிதரை ஆண்டவர் எங்ஙனம் நடத்தினார் என்பதையே தேட வேண்டும்.

நீதித் தலைவர்கள் நூல் காட்டும் கிதியோனைப் பாருங்கள். மிதியானியர் ஏழாண்டுகளாக விளைச்சலைச் சூறையாடி வந்தனர். காற்றோட்டமான களத்தில் அடிக்க வேண்டிய கோதுமையை, அவர் திராட்சை ஆலைக்குள் மறைந்திருந்து அடித்தார். அந்த நிலையில்தான் வானதூதர் அவரை வீரர் என்று விளித்தார்! பாகாலின் பலிபீடத்தைத் தகர்க்குமாறு ஆண்டவர் பணித்தபோதும், வீட்டாருக்கும் ஊராருக்கும் அஞ்சி அதை இரவிலே செய்தார். ஆட்டுத்தோலைக் களத்தில் இட்டு இருமுறை அடையாளம் கேட்டார்.

பின்னர் அரோது நீரூற்றருகே 32,000 பேர் திரண்டனர். அஞ்சுவோர் திரும்பிச் செல்லலாம் என்றதும் 22,000 பேர் அகன்றனர். எஞ்சிய 10,000 பேரும் நீரருந்திய விதத்தால் பிரிக்கப்பட்டு 300 பேராயினர்.

அஞ்சியவர்கள் அனுப்பப்பட்டார்கள் எனில், முதலில் சென்றிருக்க வேண்டியவர் கிதியோன் அல்லவா? ஆண்டவர் அதை அறியாதவரல்லர். அன்றிரவே அவர், தனியே இறங்கிச் செல்ல அஞ்சினால் பணியாள் பூராவையும் அழைத்துக்கொண்டு பகைவர் பாளையத்துக்குச் செல்லுமாறு கிதியோனிடம் கூறுகிறார். எனக்கா அச்சம் என்று கிதியோன் மார்தட்டவில்லை. பூராவுடன் சென்றார். சென்றதே அச்சத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்று. அங்கே மிதியானியன் ஒருவன் தன் கனவைத் தோழனுக்கு உரைப்பதைக் கேட்டார்; பணிந்து தொழுதார்; துணிவுடன் திரும்பினார். எக்காளங்களும் வெறும் பானைகளும் தீப்பந்தங்களுமே அன்று 300 பேரின் கைகளில் இருந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன், மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த குடும்பத் தலைவர் ஒருவருக்கு நோயில் பூசுதல் அளிக்கச் சென்றிருந்தோம். மற்றவர்கள் வெளியே சென்றதும் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். "சாமி, பயமாயிருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?" என்றார். நாம் அவருக்குக் கிதியோனின் கதையைச் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் பெரியவனைக் கூப்பிடுங்கள், சாமி" என்றார். அன்றிரவு தந்தையும் மகனும் சேர்ந்து செபமாலை சொன்னார்கள்.

மூன்று திங்களில் அவரை நல்லடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் அம்மகன் நம்மிடம், "அன்றைக்குப் பிறகு அப்பா எங்களிடம் எதையும் மறைக்கவில்லை, சாமி" என்றான். விசுவாசம் எல்லாப் போர்களிலும் நாம் விரும்பும் வெற்றியைத் தருவதில்லை. போருக்குத் தனியே போகவேண்டியதில்லை என்ற உறுதியைத் தருகிறது.

அச்சம் பாவமன்று. கெத்சமனியில் நம் ஆண்டவரே கலங்கினார்; சீடர்களைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். வீடு திரும்பியவர்களையும் விவிலியம் பழிக்கவில்லை. பகைவர் சிதறியோடியபோது நப்தலி, ஆசேர், மனாசே குலத்தார் மீண்டும் அழைக்கப்பட்டனர், அவர்களும் வந்தனர்.

எனவே பெற்றோரே, அஞ்சும் பிள்ளையைக் கோழையென்று ஏசாதீர்கள். மாலைச் செபம் முடிந்தபின் அவரவர் அச்சத்தை வெட்கமின்றிச் சொல்லும் இடமாக உங்கள் இல்லம் அமையட்டும். கேட்பவருக்கு விடை தெரியாமற் போகலாம். பூரா அன்றிரவு ஒரு சொல்லும் பேசியதாக விவிலியத்தில் இல்லை. உடன் சென்றார், அவ்வளவே.