மயிலையிலிருந்து அடையாற்றுக்குச் சாரணர்களோடு

கபாலீசுவரர் திருக்குளக்கரையில் வைகறையில் பிள்ளைகளை ஒன்றுகூட்டி, கச்சேரி சாலை வழியே சாந்தோமை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி, அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, பெசன்ட் அவென்யூவிலுள்ள சாரணர் முகாம் மைதானத்துக்குப் போய்ச் சேரும் பிரயாணம் வாகனத்தில் சென்றால் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். ஆயினும் தோளில் மூட்டையோடு அதை நடந்தே கடக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சென்ற மாசி மாதத்தில் அப்படித்தான் புறப்பட்டோம். பாலத்தின் நடுவே நின்று, இந்த நேரத்தில் ஆறு கடலுக்குள் போகிறதா, கடல் ஆற்றுக்குள் ஏறுகிறதா என்று மட்டும் கேட்டேன். மிதந்து வந்த ஒரு வாழைச் சருகைப் பிள்ளைகள் வெகுநேரம் உற்றுப் பார்த்துத் தாங்களே விடை கண்ட அந்த உற்சாகத்தை எந்தப் பாடப்புத்தகத்தால் அளிக்க இயலும்?

அவர்கள் போய்த் தங்கும் இடமும் சாமானியமானதன்று. இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே உரியதாயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்த காலத்தில், முதல் உலக யுத்தத்தின் நடுவே, அடையாற்றில் இருந்த அன்னி பெசன்ட் அம்மையார் ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தை ஸ்தாபித்து, தொப்பிக்குப் பதில் தலைப்பாகை சூட்டினார். 1921இல் சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இந்தியாவுக்கு விஜயம் செய்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. இந்தச் சரித்திரத்தை மரநிழலில் உட்கார வைத்துச் சொல்லாமல் நான் கூடாரம் அடிக்கச் சொல்வதில்லை.

முகாமுக்குத் திட்டம் வகுப்போர் பலர் காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஒரு நிமிஷமும் மிஞ்சாமல் நிகழ்ச்சி நிரலை நிரப்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது. 1907இல் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருக்க, நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு சிறுவனின் பொறுப்பில் விட்டாரே, அந்த அணி முறைதான் சாரணியத்தின் உயிர்நிலை. விறகு, தண்ணீர், சமையல், இரவுக் காவல் யாவற்றையும் அணித்தலைவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். அந்த மாசி முகாமில் ஓர் அணியின் சோறு அரைவேக்காடாகவே இறங்கியது, நான் குறுக்கிடவில்லை. அதைக் கஞ்சியாகக் காய்ச்சிவிடலாம் என்று தீர்மானித்தவன் அந்த அணியிலேயே மிகச் சிறியவன்.

கடல் விஷயத்தில் மட்டும் நான் எவருக்கும் சுதந்திரம் கொடுப்பதில்லை. எலியட்ஸ் கடற்கரையில் நீரின் இழுப்பு பொல்லாதது. 1930இல் பிறரைக் காப்பாற்றப் போய்த் தம்முயிர் நீத்த டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட்டின் நினைவுமண்டபம் அந்த மணலில்தான் நிற்கிறது. மாலையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, அதன் எதிரிலேயே மீட்புக் கயிறு வீசவும், அவிழாத முடிச்சுப் போடவும் பழக்கினோம். அங்கே கற்ற முடிச்சை அவர்கள் மறப்பதில்லை.

அன்றிரவு அணித்தலைவர்கள் கூடி அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரலைத் தாங்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். தியாகராய நகர் வழியாகக் கிண்டிக்கு நடக்க வேண்டுமாம். பிற்பகல் முழுவதும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. உறங்கும் நேரத்தை மட்டும் அரைமணி முன்னுக்குத் தள்ளி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.